பத்துக் கூறு

பொம்மையை எப்படிச் சோதிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இணையத்தில் பொம்மை விற்கும் கடைக்காரர் ஒருவர் மலையடிவாரத்தில் இருக்கும் காரவள்ளிக்குப் பெட்டி அனுப்புவார். அங்கிருந்து கண்டக்டர் பஸ்ஸில் போட்டு மேலே கொண்டுவருவார். நான் பொம்மையை ஓட்டின் மேலிருந்து போடுவேன், பாறையில் அடிப்பேன், மூட்டு மூட்டாகத் திருகுவேன். எத்தனையாவது அடியில் உடைந்தது என்று போனில் படம் பிடித்து நாலு வரி எழுதி அனுப்புவேன். உடைப்பது எனக்குக் கைவந்த கலை. மலைமேல் திண்ணனூர் நாடு என்கிற பகுதியில் எங்கள் ஊர் பதினோரு வீடு, பதினோரு வீடும் இதற்குச் சாட்சி சொல்லும்.

மூன்று வருஷத்துக்கு முன் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவியை, அதாவது என் ஓரகத்தியை, இடது கை முறியும்படி அடித்தவள் நான். வரப்பில் நிற்கும் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி யாருக்கு என்று பேச்சு. அவள் ஒரு வார்த்தை சொன்னாள். என் கையில் மண்வெட்டி இருந்தது. காம்பால்தான் அடித்தேன் என்று இன்றைக்கும் வாதாடுவேன், ஆனால் காய்ந்த விறகு முறிகிற மாதிரி அந்தச் சத்தம் கேட்டதை மறுக்க முடியாது. எலும்பு கூடியது, கை நிமிரவில்லை. ஊர் கூடி, எல்லார் முன்னாலும் அவள் காலில் விழு என்றது. விழுகிற வரைக்கும் கோயில் நோம்பிக்குக் கிடா வெட்டினால் உன் வீட்டுக்குக் கூறு கிடையாது என்றது. கறி தின்னாவிட்டால் செத்தா போய்விடுவேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கூறு எங்கள் ஊரில் சின்ன விஷயமில்லை. வெட்டிய கிடாவை வீட்டுக்கு ஒரு இலையாகச் சமமாகப் பிரித்து வைப்பார்கள். ஒவ்வொரு வீடும் அடையாளத்துக்கு ஒன்று கொடுக்கும்: ஒரு மிளகு, ஒரு புளியங்கொட்டை, ஒரு குச்சி. பிரித்ததைப் பார்க்காத ஒருவர் வந்து இலைக்கு ஒன்றாக அவற்றைப் போடுவார். எந்த இலையில் எது விழுந்ததோ அது அந்த வீட்டுக்கு. மூன்று வருஷமாக அங்கே பத்து இலைதான்.

போன மாதம் வந்த பெட்டியில் வேற்றுக்கிரகப் போர் ரோபோ ஒன்று இருந்தது. ஒரு உடம்பு, அதில் மாற்றி மாற்றி மாட்ட முப்பது உறுப்பு: தலைகள், கைகள், கால்கள், சிறகு, சக்கரம், வாள். கையைப் பிடுங்கினால் டக்கென்று வந்தது, அழுத்தினால் திரும்ப உட்கார்ந்தது. இருபது முறை பிடுங்கினேன், மூட்டு தளரவே இல்லை. மார்பில் ஏறி மிதித்தேன், தாங்கியது. ஒரு பகல் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, சாயந்தரத்துக்குள் முழுசாகப் பூட்டிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார் கடைக்காரர். என் ஏழு வயது மகளிடம் கொடுத்து, ஊர்ப் பிள்ளைகளோடு விளையாடச் சொல்லிவிட்டு மரவள்ளி பிடுங்கப் போனேன்.

திரும்பி வந்தபோது பெட்டி காலி. வாசலில் கிழிந்த வாழை இலையும் எங்கள் கொடுவாளும் கிடந்தன. கூறு போட்டு எல்லா வீட்டுக்கும் அனுப்பியாகிவிட்டது என்றாள் மகள். உடம்பை இரண்டு போடு போட்டுப் பார்த்தாளாம், வெட்டுப்படவில்லையாம். அதனால் வழக்கமாகப் பூசாரிக்குப் போகிற கிடாத்தலைக்குப் பதிலாக அதைப் பூசாரி வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்களாம். பெருமையாகத்தான் சொன்னாள்.

எனக்குக் கோபம் வந்தால் கை முன்னால் போகும். அறைந்த அறையில் அவள் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. அவள் அழவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு அடுத்த அடிக்குக் காத்திருந்தாள்.

அவளை இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் வாசல் படலை உதைத்தேன், ஒரு வீட்டில் பிள்ளையின் கையை முறுக்கிப் பிடுங்கினேன். பூசாரி வீட்டில் உடம்பு கிடைத்தது, மார்பில் கொடுவாள் பட்ட இரண்டு தழும்போடு. ஒன்பது வீடு முடிந்தது. பத்தாவது ஓரகத்தி வீடு.

வேலிக்கு வெளியிலேயே நின்றேன். அவள் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராத கையால் கிழங்கை இடுப்போடு அணைத்து, மறு கையால் கத்தியை ஓட்டினாள். பக்கத்தில் இலையில் ஒரு தலை, ஒரு சக்கரம், அந்த வாள். கொடு என்றேன், முகத்தைப் பார்க்காமல். அவள் என் பின்னால் நின்ற மகளைப் பார்த்தாள்.

"புள்ள வாயில ரத்தம் வருது. அதே கைதானா? அந்தக் கையில குடுக்க மாட்டேன். நீ வா சாமி."

மகள் போனாள். ஓரகத்தி தன் முந்தானையால் அவள் உதட்டைத் துடைத்துவிட்டு இலையோடு எடுத்துக் கொடுத்தாள். அந்த நிமிஷம் வேலிக்கம்பைப் பிடுங்கி ஓரகத்தியின் மறு கையையும் முறிக்கத்தான் எனக்குத் தோன்றியது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

வீட்டுக்கு வந்து தரையில் கொட்டி எண்ணினேன். முப்பதும் இருந்தன. பத்து வீடு, வீட்டுக்கு மூன்று. பூட்டுவதற்கு ஒரு காலைக் கையில் எடுத்த பிறகுதான் கணக்கு உறைத்தது.

நம் கூறு எங்கே என்று கேட்டேன்.

"நமக்குத்தான் கூறு இல்லையேம்மா" என்றாள், இது கூடத் தெரியாதா என்கிற மாதிரி.

பெட்டி அவள் கையில்தான் இருந்தது. பிரித்தவள் அவள், இலை போட்டவள் அவள். தனக்கு ஒரு விரல் கூட எடுத்து வைக்கவில்லை. மூன்று வருஷமாக நான்தான் வீராப்பாகக் கறி தின்னாமல் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நோம்பிக்கும் பத்து இலையையும் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவள் அவள். எனக்கு அவமானமாக இருந்தது.

ரோபோவின் கை ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது நம்ம கூறு. வெச்சுக்க கண்ணு."

அவள் விரலை மூடவில்லை. வீங்கிய உதட்டோடு என்னைப் பார்த்தாள்.

"ஊருல கேக்காம வெச்சுக்கலாமா?"

படம் எடுக்க இன்னும் வெளிச்சம் இருந்தது. போனை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

"கேட்டுட்டு வாரேன்" என்றேன்.

சற்று முன்னால் கத்திவிட்டு வந்த அதே வாசல்களில் ஒவ்வொன்றாக நின்று, எல்லாரும் வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டே ஓரகத்தி வீட்டுக்கு நடந்தேன்.