போர்வைக்குப் பின்னால் காபிரியேல்

என் வீட்டுக்காரர் ஞானசேகரன் இருபத்தெட்டு வருஷம் பெங்களூர் சிட்டி பஸ்ஸில் கண்டக்டர். ரிட்டயர் ஆகியும் வாய் மட்டும் ரிட்டயர் ஆகவில்லை. சமையலறை வாசலில் நான் நின்றால்கூட, "உள்ள போம்மா, உள்ள எடம் இருக்கு" என்பார். இந்த மனுஷனுக்கு வெளியே ஏதாவது வேலை கொடு ஆண்டவரே என்று நான் ஜெபித்தது உண்மை. கேட்டுவிட்டார்.

எங்கள் ஆஸ்டின் டவுன் சர்ச்சில் சமத்துவக் குழு என்று ஒன்று ஆரம்பித்தார்கள். சர்ச் நடத்தும் பள்ளியில் நிறம், சாதி, ஊர் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிக்கிறார்களா என்று பார்க்கும் வேலை. "யார் வர்றீங்க?" என்று பாஸ்டர் கேட்டதும் சபையே குனிந்து பாட்டுப் புத்தகம் படித்தது. இவர் மட்டும் ஃபேன் சுவிட்சைப் போட எழுந்தார். "ஸ்தோத்திரம், பிரதர்!" என்றார் பாஸ்டர். முடிந்தது கதை.

முதல் வேலை கிறிஸ்துமஸ் நாடகம். அந்தப் பள்ளியில் மரியாளும் தேவதூதனும் எப்போதும் சிவப்பான பிள்ளைகள்தான். கறுத்த பிள்ளைகளுக்கு ஆடு, ஒட்டகம், மிஞ்சிப்போனால் ஏரோதின் சிப்பாய். எங்கள் பக்கத்து வீட்டு அனுஷா மூன்று வருஷமாக ஆடு. ஒன்பது வயதுப் பிள்ளை, காபிரியேல் தூதனின் வசனம் முழுக்க மனப்பாடம். தினமும் மாடிப்படியில் நின்று முழங்குவாள். தெருநாய்கள் எழுந்து ஓடும். "இந்த வருஷமாச்சும் எனக்குப் பேச்சு குடுப்பாங்களா ஆன்ட்டி?" என்று அவள் கேட்டால் கையில் ஒரு முறுக்கைக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுவேன்.

நாடகம் போடும் மமதா மிஸ்ஸிடம் இவர் போய் நியாயம் கேட்டார். மிஸ் கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்தார்.

"நானேன் மாட்லி சார், நான் என்ன பண்ணட்டும்? சிவப்பா இருந்தாத்தான் ஸ்டேஜ் லைட்ல முகம் பளிச்சுனு தெரியும்."

"தெரியறதுக்குத்தானே மிஸ் லைட்டே போடறது? பளிச்சுனுதான் வேணும்னா ட்யூப்லைட்டையே நடிக்க வுடுங்களேன்!"

அப்புறம் ஒரு யோசனை சொன்னார். கூட்ட பஸ்ஸில் முகமா தெரியும்? குரலை வைத்துத்தான் டிக்கெட் கிழிப்பாராம். எங்கள் கல்யாண நாளுக்கு வாங்கிய புதுப் போர்வையை என்னைக் கேட்காமலே உருவிக்கொண்டு போய் வகுப்பறையின் குறுக்கே கட்டினார். பிள்ளைகள் அந்தப் பக்கம், மிஸ்ஸும் இவரும் இந்தப் பக்கம். பெயர் சொல்லாமல் வசனம் மட்டும் சொல்ல வேண்டும்.

பதினோராவது குரலுக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "இதுதான் காபிரியேல்!" என்று மிஸ்ஸே துள்ளி எழுந்துவிட்டார். போர்வையை விலக்கினால் அனுஷா. மிஸ் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! ஆனாலும் சொன்ன சொல் மாறவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். இவருக்கோ ஒரு மாசம் தலைகால் புரியவில்லை. பால்காரரைக்கூட நிறுத்திவைத்து இந்தக் கதையைச் சொன்னார்.

நாடகத்தன்று மேடைக்குப் பின்னால் போனோம். அனுஷா சிறகு கட்டி நின்றாள். இவர் என் கைப்பையைத் துழாவிப் பவுடர் டப்பாவை எடுத்து, "கண்ண மூடு கண்ணு" என்று நெற்றியிலிருந்து கழுத்துவரை அப்பினார். பிள்ளை மாவு மில்லில் விழுந்த பூனை மாதிரி ஆகிவிட்டது. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், ஒன்றும் தோன்றவில்லை.

"எதுக்கு அங்கிள் இது?"

"ஸ்டேஜ் லைட்ல முகம் பளிச்சுனு தெரியணும்ல!"

பின்னால் ஒரு செருமல். மமதா மிஸ்.

"ஏன் சார், நான் சொன்னா தப்பு, நீங்க சொன்னா சமத்துவமா?"

இவர் பவுடர் டப்பாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். எனக்கும் வெட்கம் பிடுங்கித் தின்றது. அனுஷா எங்களை மாறிமாறிப் பார்த்தாள். "நான் பேசத்தானே வந்தேன்" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். சொட்டச் சொட்ட மேடையேறி ஒரு குரல் கொடுத்தாள் பாருங்கள், மரியாளாக நடித்தவள் பயந்துபோய்க் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள். முன்வரிசையில் ஒரு பெரியவர் காது மெஷினைக் கழற்றினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இவர் மூக்கைச் சிந்திக்கொண்டே கைதட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழுவின் அறிக்கையைக் கொடுத்தார். 'பாகுபாடு காட்டியவர்' என்ற இடத்தில் முதலில் மமதா மிஸ்ஸின் பெயர். அடுத்து இவர் பெயர்.

பாஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்தார். "பிரதர், கையெழுத்து இங்க இல்ல, கீழ போடணும்."

"கையெழுத்து இல்ல பாஸ்டர். அது ஆளு பேருதான்."

பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் பேனாவை வாங்கி மூன்றாவதாக என் பெயரை எழுதினேன்: சாந்தகுமாரி.