தயிர் ஊற்றிய கேக் மாவு

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் எங்களுக்குத் தெரிந்த எந்தக் கடையிலும் பேக்கிங் பவுடர் கிடைக்கவில்லை. சென்னையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அண்ணியோ, மகளின் பிறந்தநாளுக்கு முட்டையில்லாத கேக் செய்வதாகத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நான் வேதியியல் படித்தவன். ஆப்பசோடாவைப் புளித்த தயிரோடு சேர்த்தால் போதும், பொங்கும் வாயு வெளியேறுமுன், கலந்ததும் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும் என்று காரணங்களோடு விளக்கினேன். கேட்டது அண்ணி மட்டும்தான்.

காலையில் அவர் மாவைக் கலந்து முடித்தபோது அம்மா வந்தார்.

"தயிர் ஊத்தின மாவை யாராச்சும் ஒடனே வேக வெப்பாங்களாம்மா? கோயில் இட்லி மாவு எத்தினி நேரம் புளிக்குது, பாத்துக்கினுதானே இருக்கற? மூடி வை."

மாமியாரை எதிர்த்துப் பேச அண்ணிக்குத் துணிவில்லை. வேதியியலுக்கும் இல்லை.

மாலையில் வெந்து வந்தது கேக் இல்லை, தட்டையான அடை. தெருப் பெண்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்; அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. மிச்சத் தயிரில் புது மாவு கலந்து, மணல் பரப்பிய பாத்திரத்துக்குள் உடனே வைத்து, மூடிமேல் தணலைக் கொட்டினோம். அம்மா வாசலில் வந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்ததால் தடை சொல்ல ஆளில்லை.

கேக் நன்றாகவே எழும்பியது. அண்ணி முதல் துண்டை அம்மாவிடம் நீட்டினார். அம்மா நிதானமாக மென்றார்.

"நல்லாத்தாம்மா இருக்குது. புளிப்புதான் பத்தல. அவசரப்பட்டுட்ட."