பாலில் ஈதர்

எனக்குக் கொழுப்பு அதிகம் என்று என் கணவர் சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம். பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் கொழுப்புகளைப் பிரித்துப் பார்ப்பது என் வேலை. அதைவிட, எனக்கு வாய் நீளம். அவர் லோரி ஓட்டுகிறவர், பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவர். தெரியாமல் ஏதாவது கேட்டுவிட்டால் நான் சிரித்துவிடுவேன். அவரும் கூடவே சிரிப்பார். அதை விளையாட்டு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகன் ஏழாம் மாதம் முடிவதற்குள் பிறந்துவிட்டான். வளைகாப்புக்குப் புடவை எடுக்கக் கிள்ளானுக்குப் போன இடத்தில் பனிக்குடம் உடைந்து, அங்கேயே ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ஒன்றேகால் கிலோ. தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் அளவுக்கு உடம்பில் கொழுப்பு சேராததால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஐந்தாம் நாள் என்னை மட்டும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் இருப்பது நான்காம் மாடி, லிஃப்ட் கெட்டு மாதக்கணக்காகிறது. தையல் ஆறும்வரை படி ஏறி இறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே மகனிடம் என் பால் மட்டும் போய்ச்சேர்ந்தது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பம்ப் வைத்து எடுப்பேன். அவர் அதை ஐஸ் பெட்டியில் அடுக்கி, கொம்யூட்டர் என்ற புறநகர் ரயிலில் கிள்ளானுக்குக் கொண்டுபோவார். அங்கே குழாய் வழியாகப் புகட்டுவார்கள்.

அந்த நாட்களை நினைத்தால் எல்லாமே தண்ணீருக்கடியில் நடந்ததுபோல இருக்கிறது. எது தூக்கம், எது விழிப்பு என்று பிடிபடாது. பம்ப் ஏதோ ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப முணுமுணுக்கும், அது மகனுக்கு நாங்கள் இன்னும் வைக்காத பெயர் என்று தோன்றும். ஜன்னலுக்கு வெளியே மத்தியான மழையில் ரயில்கள் சத்தமில்லாமல் நழுவும். போத்தலில் பால் தெளிந்து, மேலே மஞ்சளாக ஒரு படலம் ஒதுங்கும். அதையே பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

வேலை பழகிய கண் சும்மா இருக்குமா? அந்தப் படலத்துக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கொழுப்பு என்பது கிளிசரால் என்ற ஒரு சின்னத் துண்டும் அதில் மாட்டிய நீண்ட வால்களும்தான். பெரும்பாலும் வால்கள் எஸ்டர் என்ற பிணைப்பால் மாட்டியிருக்கும். சிலவற்றில் மட்டும் ஒரு வால், ஒற்றை ஆக்சிஜனை மட்டும் பிடித்துக்கொண்டு, ஈதர் பிணைப்பால் தொங்கும். வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் இதயத்திலும் மூளையிலும் நரம்பைச் சுற்றிய உறையிலும் இந்த வகைதான் ஏராளம். உயிரணுவை அரிக்க வரும் ஆக்சிஜனேற்றத்தை இது முந்திக்கொண்டு தன்மேல் வாங்கி, தான் அறுந்துபோகும். இதை உண்டாக்கத் தெரியாத உடம்போடு பிறக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குக் கண்ணில் புரை விழும், கை எலும்பு குட்டையாகும், வளர்வதே பெரும்பாடு.

தாய்ப்பாலில் ஈதர் கொழுப்பு பசும்பாலைவிட அதிகம். எலிக்குட்டிகளில், உடம்புக்குச் சூடு தரும் கொழுப்பை அது கலையாமல் காக்கிறது என்று படித்திருந்தேன். மனிதக் குழந்தைக்கும் அப்படித்தானா என்று ஆய்வுக்கூடத்தில் கேட்டிருந்தால் இன்னும் தெரியாது என்றிருப்பேன். அரைத்தூக்கத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் மடியிலிருந்து ஒரு கம்பளி நூல் கிள்ளான்வரை நீண்டு, பெட்டிக்குள் நுழைந்து அவனைச் சுற்றிக்கொள்வதாகக் கனவு கண்டேன். அந்தக் கனவில் அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

ஒரு மத்தியானம் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, இதில் ஈதர் இருக்கிறது தெரியுமா என்று அவரிடம் பெருமையடித்தேன். அந்தக் காலத்தில் ஆபரேஷனுக்கு முன்னால் மூக்கில் வைத்து மயக்குவார்களே, அந்த ஈதரா என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிணைப்பு ஒன்று, அதனால் பெயர் ஒன்று, பொருள் வேறு என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். நான் சிரித்தேன்.

"ஆமா லா, அதேதான். உங்க மகன் நல்லா தூங்கட்டும்," என்றேன்.

சொன்னதை அடுத்த நிமிடமே மறந்தும் போனேன். அதன் பிறகு மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்கும்போதெல்லாம், தூங்குகிறான் என்பார். குறைமாதக் குழந்தை தூங்காமல் கூத்தா ஆடும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்தப் பேச்சு நடந்த நான்காம் நாள், வீட்டுக்கே வந்து தையல் பிரித்தார்கள். அன்றே அவர் கையைப் பிடித்துக்கொண்டு கிள்ளானுக்குப் போய்விட்டேன். குழந்தைகள் வார்டின் வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தபோது தமிழ்த் தாதி ஒருத்தி அருகே வந்தாள்.

"பால் நின்னு போச்சாக்கா? கவலப்படாதீங்க. மூணு நாளா பால்மாவுதான் குடுக்கறோம், அவனுக்கு ஒத்துக்குது."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. மார்புக்காம்பு வெடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்த மூன்று நாள் பால். அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்து, வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். படித்தவள் பேசுகிற பேச்சில்லை அது. எதிரே இருந்த மலாய்க் குடும்பம் எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்தது. நான் ஓய்ந்த பிறகு மெல்லச் சொன்னார். சாக்கடையில் ஊற்ற மனம் வரவில்லையாம். மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு மரத்தடியில், யார் காலும் படாத இடமாகப் பார்த்து ஊற்றினாராம். தாதியிடம் பால் சுரக்கவில்லை என்று சொல்லிவிட்டாராம். போகும்போதெல்லாம் பிள்ளை கண்ணே திறக்கவில்லை, ஈதர் மயக்கம் தெளியாமல் அப்படியே போய்விடுவானோ என்று பயந்துவிட்டாராம்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே மா. நீ சிரிச்ச."

கல்யாணமாகி ஆறு வருடத்தில் முதல் தடவையாக, சிரிக்காமல், அவசரப்படாமல் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பாலில் இருப்பது யாரையும் மயக்காது என்றேன். குறைமாதத்தில் எல்லாப் பிள்ளையும் இப்படித்தான் தூங்கும் என்றேன். அந்தக் கொழுப்பு அவனுக்குச் சூடு காக்க உதவலாம், பால்மாவில் அது குறைவு என்றும் சொன்னேன். புது ஊருக்கு வழி கேட்பதுபோல ஒவ்வொன்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அப்ப மூணு நாளா அவனுக்குக் குளிரிச்சா?"

இல்லை என்றேன். பெட்டியில் சூடு ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை, பால்மாவும் அவனை நன்றாகத்தான் வைத்திருந்தது, சத்தியமாக அவனுக்குக் குளிரவில்லை என்றேன். அத்தனையும் உண்மை. அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் சிரிக்கிறேனா என்று தேடுகிறார் என்பது எனக்குப் புரிந்தது. பிறகு எழுந்து உள்ளே போய், தாதியிடம் அதே கேள்வியைக் கேட்டார்.