லாவா எம்பரரின் நிஜப் பெயர் தேடி ஸ்ரீவராகம் வரை

போன மாதம் என் கணவர் எங்கள் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியிலிருந்து பவளம் படர்ந்த கல் ஒன்றை வெளியே எடுத்து பிரஷால் தேய்த்தார். தண்ணீர் கண்ணில் தெறித்தது. சாயங்காலத்துக்குள் கண் வீங்கி, திறக்கவே முடியவில்லை. அது என்ன உயிரி என்று டாக்டர் கேட்டார். "லாவா எம்பரர்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்தது அந்தப் பவளத்தை விற்றவர் சொன்ன பெயர் மட்டும்தான். சாதாரணக் கண்வலி என்று நினைத்ததில் ஒரு நாள் வீணானது. சில பவளங்களின் விஷம் வெந்நீர் ஊற்றினால் ஆவியிலும் கிளம்பும் என்று டாக்டர் பிறகு எச்சரித்தார். பார்வை இப்போதுதான் மெல்லத் தெளிகிறது. உண்மைப் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

நாகர்கோவிலில் காலை 6.40 பாசஞ்சர், டிக்கெட் 20 ரூபாய், ஏறக்குறைய 70 கிலோமீட்டர். குழித்துறையில் வேலைக்குப் போகிறவர்கள் மொத்தமாக ஏறுவார்கள், அதற்குள் உட்கார்ந்துவிடுங்கள். 8.35க்குத் தம்பானூர், கேரளத் தலைநகரின் ரயில் நிலையம். கிழக்கேகோட்டை வரை நடந்தேன், பதினைந்து நிமிடம். அங்கிருந்து ஸ்ரீவராகத்துக்கு ஆட்டோ 40 ரூபாய். நீல லைட் எரியும் வீடுதானே என்று டிரைவர் சரியாகவே கொண்டுபோய் விட்டார்.

எங்களுக்குப் பவளம் விற்றவர் ஹரி, முப்பது வயதிருக்கும். முன்னறை முழுக்கத் தொட்டிகள், நீல லைட்டில் பவளங்கள் ஜொலித்தன. நீல லைட்டை அணைத்து வெள்ளை லைட்டைப் போடச் சொன்னேன். தயங்கினார். நான் நகரவில்லை. வெள்ளை வெளிச்சத்தில் 'லாவா எம்பரர்', பக்கத்துத் தொட்டி 'சூப்பர்நோவா கிங்' இரண்டும் ஒரே பழுப்பு. கொச்சியிலிருந்து வரும்போது எல்லாமே வெறும் பட்டன் பவளம்தானாம். பெயர் வைப்பது இவர்.

"பேர் இல்லேன்னா ஆரு வாங்குவா, அக்கா?"

அப்போது பின்கட்டில் கல் தேய்க்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஹரியின் மனைவி லதா வெறுங்கையால் ஒரு கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கல்லில் ஒட்டி மிச்சமிருக்கும் பவளத்தைச் சாகடிக்கப் பக்கத்திலேயே கொதிக்கிற தண்ணீர். ஓடிப்போய்ப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"ஊத்தாதீங்க. அந்த ஆவி உள்ளே போனா ஆஸ்பத்திரிதான்."

லதா ஹரியைப் பார்த்தார். "கழிஞ்ச வாரமும் இப்படித்தான் கழுவினேன். அன்னிக்கு எனக்கு ஸ்வாசம் முட்டித்து. மழைக்காய்ச்சல்னு நீங்க சொன்னேள்."

என் கணவரின் கண்ணைப் போனில் காட்டினேன். மூவருமாக உட்கார்ந்து படங்களை ஒப்பிட்டுத் தேடினோம். அரை மணி நேரத்தில் அறிவியல் பெயர் கிடைத்தது: பாலித்தோவா. அதில் சில வகைகளில் கடும் விஷம் உண்டு. தொட்டிகளில் ஒட்டிய அட்டையில் கவர்ச்சிப் பெயர் இருக்கட்டும், கீழே இதையும் எழுதுங்கள் என்றேன். விற்பனை நின்றுவிடுமே என்று ஹரி முனகினார். லதா அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, அட்டை அட்டையாகத் தானே எழுத ஆரம்பித்தார்.

பவளம் வாங்கப் போகிறவர்களுக்கு: வெள்ளை வெளிச்சத்தில் பாருங்கள். அறிவியல் பெயரைக் கேட்டு வாங்குங்கள், தெரியாது என்றால் வாங்காதீர்கள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் கல்லைத் தொடாதீர்கள். வெந்நீர் கூடவே கூடாது. இதையெல்லாம் உங்கள் வீட்டில் தொட்டி கழுவுகிறவர் யாரோ, அவரிடம் முதலில் சொல்லுங்கள்.