வரவேற்பறை மீன்கள்

என் அக்கா புருஷனுக்கு ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் மீன் பராமரிக்கும் வேலை. வரவேற்பறையில் சுவர் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. தீனி போடுவது, தண்ணீர் மாற்றுவது, பாசி சுரண்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. எங்கள் தெருவே அவரை 'மீன் டாக்டர்' என்று கிண்டல் செய்யும். ஒரு மீன் சோர்ந்து கிடந்தால் போதும், வெளியிலிருந்து நிபுணர் காரில் வந்து இறங்குவார். மாமா இருமி இருமிச் செத்தாலும் ஏனென்று கேட்க அங்கே நாதி கிடையாது.

போன மாதம் அக்காவுக்கு அங்கேயே அவசரமாக ஆபரேஷன். "நீங்க கான்ட்ராக்ட் ஆளு, சலுகை கிடையாது" என்று கையை விரித்துவிட்டார்கள். பணத்தைக் கட்டிவிட்டு வயிறெரிய வரவேற்பறைக்கு வந்தேன். மாமா தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்கு எதுக்கு மாமா மீனு?"

"பில்லப் பாத்து யாரும் பதறக் கூடாதாம். இதப் பாத்தா மனசு அமைதியாகுமாம்."

"இந்தச் செலவெல்லாம் யார் தலையில கட்டுறாங்க?"

அவர் துணியைப் பிழிந்தபடி என் கையிலிருந்த பில்லைப் பார்த்தார்.

"மீன நல்லாப் பாத்துட்டுப் போ மாப்ள. அதுக்கும் சேத்துத்தான் கட்டியிருக்கோம்."