ஆர்லீன் அத்தையின் கவிழ்ந்த கிண்ணங்கள்

எங்கள் தீவுக்குப் படகில் வருகிறவர்கள் துறையில் படகைக் கயிறு போட்டுக் கட்டுகிற என்னிடம்தான் முதலில் கேட்பார்கள்: "இங்க நல்லா சாப்பிட எங்க போகணும்?" கலங்கரை விளக்கத்துக்கு வழி கேட்பதெல்லாம் அப்புறம்தான். நான் துறையின் இடது பக்கம் கை காட்டுவேன். அங்கே தண்ணீருக்கு மேல் மரக்கால்களில் நிற்பது ஆர்லீன் பீலின் கடை. போன கோடை வரைக்கும் அப்படிக் காட்டுவதற்கு நான் யோசித்ததே இல்லை.

ஆர்லீன் அத்தையின் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. பிள்ளைகள் கிடையாது. அந்தச் சமையலறையும், மட்டிச் சிப்பியில் வைக்கும் சூப்பும்தான் அவருக்கு எல்லாம். உப்புப் பன்றிக் கொழுப்பை உருக்கி, வெங்காயம், உருளைக்கிழங்கு, மட்டி அவித்த தண்ணீர், கடைசியாகப் பால். விடியும்போது சிங்கி இறால் பிடிக்கப் போகிறவர்கள் பின்பக்க பெஞ்சில் உட்கார்ந்து குடித்துவிட்டுத்தான் படகை எடுப்பார்கள். சூப் பிடித்திருந்தால் கிண்ணத்தை ரொட்டியால் துடைத்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். வாயால் புகழ்வது எங்கள் ஊரில் வழக்கமில்லை. அத்தை கதவோரம் நின்று கவிழ்ந்த கிண்ணங்களைப் பார்ப்பார். அது போதும் அவருக்கு.

போன குளிர்காலத்தில் வந்த காய்ச்சலோடு அவருடைய ருசியும் வாசனையும் போய்விட்டன. டாக்டர் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். "நாக்கு போனா என்ன? கைக்குத் தெரியும்டி," என்று சொல்லி அத்தை கடையைத் திறந்தார்.

ஆனால் இந்த வருஷம் மழை இல்லை. மழை இல்லாவிட்டால் சேற்று மட்டியில் உப்பு ஏறிவிடும். அதைக் கை அறியாது, நாக்குத்தான் அறியும்.

சாயங்காலப் படகில் திரும்புகிறவர்கள் என்னை முறைத்தார்கள். "கடலையே குடிக்க வச்சிட்டியேம்மா!" என்றார் ஒருவர். ஆனாலும் பின்பக்கத்தில் கிண்ணங்கள் தினமும் கவிழ்ந்தே இருந்தன. அத்தையின் கொழுந்தன் கார்ல்டனிடம் கேட்டேன்.

"பெஞ்சுக்கு அடியில பலகை விரிசல் இருக்கில்ல? அதுல ஊத்திடுறோம்."

"மாமா, இது அநியாயம்."

"அவ கதவுகிட்ட நின்னு பாக்கிறா. நீ போய் சொல்லேன், பாப்போம்."

நான் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் மாதத்துப் பௌர்ணமிக்கு மறுநாள் கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. மற்ற நாட்களில் ஊற்றியது தண்ணீரோடு போய்விடும். அன்று கடைக்கு அடியில் வெறும் சேறு. கார்ல்டன் பழக்கத்தில் ஊற்றினார். சொத்தென்று சத்தம் கேட்டது. கடற்காகங்கள் கத்திக்கொண்டு பாய்ந்தன.

அத்தையின் காது நன்றாகத்தான் இருந்தது. வெளியே வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். சேற்றில் வெள்ளையாக உருளைக்கிழங்குத் துண்டுகள்.

"எத்தனை நாளா?"

ஒருவரும் நிமிரவில்லை.

"வாயில கயிறா கட்டியிருக்கு? சொல்லுங்கடா!"

"வசந்தத்துலேர்ந்து, ஆர்லீன்," என்றார் கார்ல்டன். "உப்பு."

"உன் அண்ணன் இருந்தா மொதல் நாளே மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பான்."

அவர்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு நழுவினார்கள். அத்தை பானையைக் கொட்டிவிட்டுப் புதிதாக வைத்தார். என்னை ருசி பார்க்கச் சொன்னார். மட்டித் தண்ணீரைக் குறைத்துவிட்டதால் இப்போது உப்பு பற்றவில்லை. போட்டார். கூடிவிட்டது. அதையும் கொட்டினார். மூன்றாவது பானைக்கு மட்டி தீர்ந்துவிட்டது. கல்லுப்பை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றார். கண் கலங்கியது. இன்னொரு பிடி அள்ளினார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணுமே இல்லடி. மணலு மாதிரி இருக்கு."

"தினமும் நான் வந்து ருசி பாத்துச் சொல்றேன் அத்தை. படகுக்கு முன்னாடியே வந்துடுறேன்."

"அப்ப அது உன் சூப்பு. நான் எதுக்கு?"

நான் காலிப் பானையைக் கழுவி வைத்தேன்.

மறுநாள் காலை, கரைக்குப் போய் வேறு டாக்டரைப் பார்க்கிறேன் என்று துறைக்கு வந்தார். சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டிருந்தார். கடைக்கதவில் பலகை அடித்திருந்தது. படகிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம், நான் கயிறோடு போராடுவதைப் பார்த்துவிட்டு அவரிடமே கேட்டது.

"அம்மா, இங்க நல்லா சாப்பிட எங்க போகலாம்?"

அத்தை இடது பக்கம் திரும்பவே இல்லை. கையைத் தூக்கி மேட்டில் இருக்கும் போட்டிக்காரி டாட்டியின் கடையைக் காட்டினார். இத்தனை வருஷமாக அவர் வாசல் மிதிக்காத கடை.

"அங்க போங்க. வறுத்த மீன் கேளுங்க, நல்லா இருக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "மட்டிச் சூப் மட்டும் வேண்டாம். அவளுக்கு அது வராது."

பிறகு படகில் ஏறி, தீவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார்.