அஞ்சலீனா அவித்துக் குடித்த வேர்

தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்யும் அஞ்சலீனாவுக்குக் கொரோனாக் காய்ச்சலுக்குப் பிறகு தலைமயிர் கொட்டத் தொடங்கியது. சீப்பை வைத்தால் கொத்தாக வந்தது. எந்த மருந்துக்கும் நிற்கவில்லை. தேவாலயப் பூசைக்குப் போகும்போது முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

நகரசபைக் கவுன்சில் வாடகைக்குக் கொடுத்த தோட்டத் துண்டு ஒன்று அவளுக்கு இருந்தது. பக்கத்துத் துண்டுக்காரி ஹலினா, போலந்துக்காரி. ஒரு கோடை நாளில் ஹலினா அவளை வேலியோரம் கூட்டிப்போய் இடுப்பளவு உயரத்தில் நின்ற ஒரு செடியைக் காட்டினாள். பர்டொக் என்றாள்.

சேம்பிலைபோல அகன்ற இலை. திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளைப் பஞ்சு படிந்ததுபோல இருந்தது. கீழ் இலையின் காம்பை முறித்தால் உள்ளே குழல். ஊதாப் பூவைச் சுற்றிக் கொக்கி கொக்கியாக முள். தொடுமுன்பே இரண்டு உருண்டைகள் அஞ்சலீனாவின் சட்டைக் கையில் பிடித்துக்கொண்டன. நாயுருவியைவிட மோசமாக ஒட்டியது.

ஹலினாவின் ஊரில் அதன் வேரை எண்ணெயில் ஊறவைத்துத் தலைக்குத் தேய்ப்பார்கள். அவித்துக் குடித்தால் இரத்தம் சுத்தமாகும், சொறி ஆறும் என்பார்கள். ஜப்பானியர் அதைக் கறியாகவே சமைப்பார்களாம். பூத்த செடியின் வேர் மரம்போல முற்றிவிடும், பூக்காத இளஞ்செடியைத்தான் இலையுதிர்காலத்தில் கிண்ட வேண்டும், அதுவும் தான் பக்கத்தில் நிற்கும்போது என்று ஹலினா சொல்லிவைத்தாள்.

ஒக்டோபரில் ஹலினா ஊருக்குப் போயிருந்தாள். அஞ்சலீனாவுக்குப் பொறுமை இல்லை. இலைகள் கருகி மண்ணோடு மண்ணாகியிருந்தன. காய்ந்த தண்டுகளுக்குப் பக்கத்தில் மண்வெட்டியை இறக்கினாள். நேராக நீண்ட வேர்கள் வந்தன. அவற்றோடு பின்னிக்கிடந்த, தடித்துக் கிளைவிட்ட ஒன்றும் வந்தது. இதுவும் அதுதானே என்று எல்லாவற்றையும் பையில் போட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்து, கணவர் பஸ்தியாம்பிள்ளை கோயில் மண்டபத்தில் நின்றுவிட, அவள் மட்டும் வீட்டுக்கு வந்து வேரை அவித்து ஒரு கோப்பை குடித்தாள்.

அவர் மத்தியானம் திரும்பியபோது வீட்டுத் திரைச்சீலைகளெல்லாம் இழுத்து மூடியிருந்தன. குசினியில் அவளுடைய குரல் கேட்டது. மேசையைச் சுற்றிக் கதிரைகளை இழுத்துப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வெறுங்கோப்பை வைத்திருந்தாள்.

“ஆரோட கதைக்கிறாய்?”

“சத்தம் போடாதேங்கோ. இவை கனதூரத்திலையிருந்து வந்திருக்கினம்.” நாக்கு வறண்டு சொற்கள் குழறின. “உடுத்த சீலையெல்லாம் ஈரம். ஒரு துவாய் எடுத்துத் தாங்கோ.”

“இங்கை ஒருத்தரும் இல்லை, அஞ்சலி.”

“அந்தக் கதிரையிலை இருக்காதேங்கோ. அவ இருக்கிறா.”

கதிரை வெறுமையாகத்தான் இருந்தது. ஆனாலும் அதில் கைவைக்க அவருக்கு மனம் வரவில்லை. அஞ்சலீனா அதன் முன்னால் குனிந்து, யாருடைய சேலையிலோ ஒட்டியிருந்த முள்ளுருண்டைகளைப் பிடுங்குவதுபோலக் காற்றில் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தாள். நிமிர்ந்தபோது கருமணி விரிந்து கண் முழுவதும் கறுத்திருந்தது. அவர் உடனே அம்புலன்சுக்கு அடித்தார்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் கண்ணில் வெளிச்சம் அடித்த கையோடு, என்ன குடித்தார் என்று கேட்டார். பஸ்தியாம்பிள்ளை மிச்ச வேர்களைக் கொண்டுவந்து கொடுத்தார். தடித்துக் கிளைவிட்டது பர்டொக் அல்ல, பெல்லடோனா. கறுத்துப் பளபளக்கும் பழம் காய்க்கும் நஞ்சுச்செடி. இலையும் பழமும் இருந்தால் இரண்டும் வேறென்று தெரிந்துவிடும், வேரை மட்டும் பார்த்துப் பலர் ஏமாந்திருக்கிறார்கள் என்றார் மருத்துவர். இல்லாத ஆட்களையும் அந்த நஞ்சு காட்டுமாம்.

சில நாளில் அவள் தேறி வீட்டுக்கு வந்தாள். பைத்தியக்காரிபோலக் கதிரைகளுக்கு உபசாரம் செய்ததை அவளே சொல்லிச் சிரித்தாள். வந்தவர்கள் நனைந்திருந்ததை மட்டும் வெளியில் ஒருவருக்கும் சொல்லவில்லை. பஸ்தியாம்பிள்ளையும் சொல்லவில்லை.

ஹலினா திரும்பி வந்ததும் நடந்ததைக் கேட்டு அஞ்சலீனாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு மெல்லக் கேட்டாள்: “அந்தப் பெண்கள் நனைந்திருந்தார்களா?”

அஞ்சலீனா அவளை விலக்கி முகத்தைப் பார்த்தாள். “உனக்கு யார் சொன்னது?”

யாரும் சொல்லவில்லை. ஹலினாவின் பெரியம்மாவும் இளவயதில் இதே பிழையை விட்டவளாம். நனைந்த பெண்கள் வந்து அடுப்படியில் இருக்கிறார்கள், மாற்றுத்துணி கொடுங்கள் என்று வீட்டாரைக் கெஞ்சினாளாம்.

“பிறகு?”

“அவர்கள் கூப்பிடுகிறார்கள் என்று எழும்பிப் போனாள். ஆற்றில்தான் கண்டெடுத்தார்கள்.”

அன்று பின்னேரம் அஞ்சலீனா கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இன்னொன்றையும் சொன்னாள்.

“தேத்தண்ணி குடிச்சிட்டு வெளிக்கிடுவம் எண்டு அவை சொன்னவை. நானும் காலிலை சப்பாத்தைப் போட்டிட்டன். அப்பதான் நீங்கள் வந்தனீங்கள்.”

பஸ்தியாம்பிள்ளை அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

வேலியோரத்து நஞ்சுச்செடியைக் கவுன்சில் ஆட்கள் வேரோடு தோண்டி எடுத்துவிட்டார்கள். மாசியில் அவளுக்கு மயிர் தானாகவே முளைக்கத் தொடங்கியது. இப்போதும் தோட்டத்துக்குப் போகிறாள், தனியே போவதில்லை. மழைநாளில் யாராவது கதவைத் தட்டினால், அவளை இருக்கச் சொல்லிவிட்டுப் பஸ்தியாம்பிள்ளைதான் எழும்பிப் போய்த் திறக்கிறார்.